ஒரு பக்கத்துக்கு மிகாமல்

சனவரி 6

இந்த வருடம் டயரி அடிக்கவில்லை. ஒவ்வொரு சனவரியும் கொழும்புக் கந்தோரில் இருந்து ஒரு பெட்டி வரும். நீல மட்டை, மூலையில் முகவரகத்தின் சின்னம். பாக்கியம் அக்கா இரண்டு எடுப்பார், ஒன்று மீன்காரருக்கு. இன்று தேத்தண்ணி கொண்டுவந்தபோது கேட்டார்: "என்ன மிஸ், டயரி வரேல்லையே?" வரும் என்றேன். வராது. அச்சகத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று நவம்பரிலேயே மெயில் வந்துவிட்டது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆகவே போன வருட டயரியில் எழுதுகிறேன். அதில் ஒரு வரிகூட எழுதாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. இன்று செவ்வாய். இதில் திங்கள் என்று இருக்கிறது. வெட்டித் திருத்தினேன்.

எங்கே வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பெரிய நாடுகள் பாலம் கட்டும், எங்களுடையது கிணறு கட்டும். ஒரு குளிர்நாட்டு அரசாங்கத்தின் மிகச் சின்ன உதவி முகவரகம். தலைமையகத்திலேயே முப்பது பேர்தான். மன்னார் அலுவலகத்தில், இந்தக் கந்தோரில், நாங்கள் நாலு பேர். கணக்குக்குக் கஜன், வாகனத்துக்குச் செபமாலை அண்ணை, துப்புரவுக்கும் தேத்தண்ணிக்கும் பாக்கியம் அக்கா, மிச்சம் எல்லாவற்றுக்கும் நான்.

வீட்டில் இவர் இன்று கட்டிலில் இருந்து யன்னல் வரை ஏழு அடி நடந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்து இரண்டு வருடம். பயிற்சி கொடுக்கிற சங்கர் கிழமைக்கு மூன்று நாள் வருகிறார், கந்தோர்க் காப்புறுதியில். போன வருடம் ஒரு மாதம் அவர் வராமல் விட, கால் திரும்பவும் இறுகிவிட்டது. அதற்குப் பிறகு இந்த ஏழு அடிக்குப் பத்து மாதம் எடுத்தது.

டயரி அடிக்காத முகவரகம் வேறு எதை நிறுத்தும் என்று நினைக்கக் கூடாது. நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சனவரி 16

பொங்கலுக்கு அடுத்த நாளே கூட்டம். ஹென்றிக் கொழும்பில் இருந்து திரையில் வந்தார். எங்கள் இயக்குநர் அவர்தான். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார். இன்று வரும்போதே கண்ணாடி இல்லை.

அவர்கள் நாட்டுப் பாராளுமன்றத்தில் வெளிநாட்டு உதவிக்கான ஒதுக்கீட்டை வெட்டிவிட்டார்கள். மன்னாரில் நாலு பணியிடம் ஒன்றாகும். அந்த ஒருவர் ஊர்களுக்குப் போகிறவராக இருப்பதா, கந்தோரில் இருப்பவராக இருப்பதா என்று இன்னும் முடிவில்லையாம்.

"என்ன மிஸ் சொன்னவர்?" என்று செபமாலை அண்ணை கேட்டார். அவருக்கும் பாக்கியம் அக்காவுக்கும் ஆங்கிலம் தெரியாது. நான் சொல்வதுதான் அவர்களுக்கு ஹென்றிக் சொல்வது. ஒராளைத்தான் வைப்பார்களாம் என்றேன். ஊர்களுக்குப் போகிறவர் என்ற பகுதியை அப்போது சொல்ல வரவில்லை, பதற்றத்தில் விட்டுப்போயிற்று.

"ஒராள் எண்டால் நீங்கள்தானே மிஸ்," என்றார் அண்ணை. பிறகு இனிப்புப் பெட்டியைத் திறந்தார். மகள் டிலானிக்கு ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. எல்லோரும் எடுத்தோம். என்னுடையதை இவருக்கென்று தாளில் சுற்றி வைத்தேன்.

சனவரி 22

மெயில் இல்லை. பத்துத் தடவை பார்த்தேன்.

சனவரி 27

கொழும்பு இலக்கம் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. பிறகு பார்த்தால் அச்சு இயந்திரத்துக்கு மை விற்கிற ஆள்.

சனவரி 31

மாத அறிக்கை அனுப்பினேன். எங்கள் கள அலுவலர் நிரோஜன் மூன்று வருடத்துக்கு முன் கனடா போனதில் இருந்து அந்த வேலை என் தலையில். அவர் களத்துக்குப் போய் வந்து எழுதுவார். அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. நான் கந்தோரை விட்டு எப்படிப் போவது, தொலைபேசிக்கு யார் இருப்பது? ஆகவே செபமாலை அண்ணையின் ரன்னிங் சாட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

ரன்னிங் சாட் என்றால் வாகனம் எங்கே, எத்தனை மணிக்கு, எதற்காகப் போனது என்று சாரதி நிரப்புகிற தாள். மற்றக் கந்தோர்ச் சாரதிகள் "கள வேலை" என்று இரண்டு சொல் எழுதுவார்கள். அண்ணை முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதுவார். முள்ளிப்பள்ளம் என்ற ஊரில் கிணற்றுக் கட்டு வெடித்தது, அங்கே றெஜினாவின் கிணற்றுக் குழுவில் இரண்டு பேர் கதைக்காமல் விட்டது, யார் வீட்டில் நாங்கள் கொடுத்த தண்ணீர் வடிகட்டி மூலையில் கிடக்கிறது, எல்லாம். தெளிவான எழுத்து. நான் ஆங்கிலத்தில் போடுவேன், அவ்வளவுதான்.

முதலில் "எங்கள் வாகனம் போனபோது" என்று எழுதினேன். பிறகு "நாங்கள்" என்று வந்தது. அறிக்கையில் உயிர் வேண்டும், நீங்கள் கண்டதை "நான்" என்றே எழுதுங்கள் என்று ஹென்றிக்தான் சொன்னார். அவர் சொன்னபடி செய்தேன்.

பெப்ரவரி 3

படிவம் வந்தது. ஒவ்வொருவரும் எழுத வேண்டும். "உங்கள் பணியிடம் இல்லாமற் போனால் எது நின்றுபோகும்? ஒரு பக்கத்துக்கு மிகாமல்." ஆங்கிலம் தெரியாதவர்கள் சொல்ல, நான் மொழிபெயர்த்து, அவர்கள் கையெழுத்து வைக்க வேண்டும். கஜன் வங்கி வேலைக்கு நேர்முகம் போய்விட்டு வந்திருக்கிறான், ஆறு வரி எழுதி அனுப்பிவிட்டான்.

என்னுடையதை எழுதினேன். மாத அறிக்கைகள் என்று தொடங்கினேன். மற்றது எதுவும் நின்றுபோகிற மாதிரித் தெரியவில்லை.

பெப்ரவரி 5

செபமாலை அண்ணை கந்தோருக்குள் இருந்து கதைக்கக் கூச்சப்பட்டார். வாகனத்துக்குள் இருந்தோம். அவர் சாரதி இருக்கையில், நான் பக்கத்தில், மடியில் இந்த டயரி. பின்பக்கங்களில் குறிப்பெடுத்தேன்.

"எது நிக்கும் எண்டு கேட்டால் என்ன மிஸ் சொல்லுறது? வண்டிதான் நிக்கும்," என்று சிரித்தார். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார். ஒன்றரை மணித்தியாலம்.

"கூட்டம் எண்டு போனால் ஆம்பிளையள் முன்னுக்கு வந்து நிப்பினம். பொம்பிளையள் வாய் திறக்கமாட்டினம். கூட்டம் முடிஞ்சு நான் வாகனத்தடியில நிக்கேக்க வந்து சொல்லுவினம். எனக்குச் சொன்னால் ஆருக்கோ போய்ச் சேருது எண்டு அதுகளுக்குத் தெரியும். மழைக்குப் பிறகு தண்ணி உவர்க்கிறதும் அப்பிடித்தான் தெரியவந்தது."

ஆருக்கோ என்றபோது என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சிலதைச் சாட்டில எழுதேலாது மிஸ். கந்தோர்ச் சட்டம் விடாது. கார்த்திகையில ஒரு நாள் முள்ளிப்பள்ளத்தில..."

நான் நிற்பாட்டினேன். சட்டத்துக்கு மாறானதைக் கேட்டால் நான் மேலே அறிவிக்க வேண்டிவரும், சொல்லாதீர்கள் என்றேன். சரி மிஸ் என்று விட்டுவிட்டார்.

குறிப்பு ஏழு பக்கம்.

பெப்ரவரி 6

இரண்டு பேருடையதையும் தட்டச்சு செய்தேன். பாக்கியம் அக்காவுடையது நன்றாக வந்தது. முழுப் பக்கம். அவர் வராத நாளில் கந்தோர் எப்படி இருக்கும் என்று நானே இரண்டு பந்தி சேர்த்தேன். பாவம், அவருக்குச் சொல்லத் தெரியாது.

செபமாலை அண்ணையுடையது நாலு வரி. பதினாலு வருடம் விபத்தில்லாமல் வாகனம் ஓட்டியது, பதினொரு ஊருக்கும் வழி தெரிந்தது, ரன்னிங் சாட் ஒழுங்காக நிரப்பியது, நேரம் தவறாமை. ஒரு பக்கத்துக்கு மிகாமல் என்றார்கள். மிகவில்லை.

கையெழுத்துக்கு நீட்டினேன். தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "வீட்டை கொண்டுபோய்த் திங்கள் தாறன் மிஸ், பிள்ளைக்கும் காட்டலாம்," என்றார். கொண்டுபோகட்டும். நாலும் உண்மைதான். ஒன்றும் பொய்யில்லை.

பெப்ரவரி 9

கையெழுத்து வைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்த நாலு வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பையில் நண்டும் இருந்தது, இவருக்குப் பிடிக்கும் என்று. வழமையாக வாசலில் நின்று சங்கர் வந்தாரா, எத்தனை அடி என்று கேட்பார். இன்று அதையும் கேட்டுவிட்டுத்தான் போனார். ஒன்பது என்றேன்.

நண்டு சமைத்தேன். நான் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 24

நான்.

ஹென்றிக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொன்னார். ஊர்களை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்த ஒருவர் கந்தோரிலும் இருக்கும்போது தெரிவு கடினமாக இருக்கவில்லையாம். தலைமையகத்தில் என் அறிக்கைகளைச் சத்தமாக வாசிப்பார்களாம். வாகனத்தைக் கொழும்புக்கு எடுக்கிறார்கள், தேவைப்பட்டால் நான் வாடகைக்குப் பிடிக்கலாம்.

இவருக்குச் சொன்னேன். நல்ல கையால் என் தலையைத் தொட்டார். சந்தோஷப்பட வேண்டும். அண்ணை இல்லாமல் எந்தச் சாட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவது? மாத முடிவு வருகிறது, இனி ஒவ்வொரு மாதமும் வரும்.

பெப்ரவரி 27

மூன்று பேருக்கும் கடைசி நாள். பாக்கியம் அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அழுதார். கஜன் எல்லோரையும் படம் எடுத்தான்.

செபமாலை அண்ணை வாகனத் திறப்பைச் சாவிவளையத்தோடு தந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து பழைய ரன்னிங் சாட் கட்டுகளைக் காட்டினார். வருடவாரியாக நூலால் கட்டி வைத்திருந்தார்.

"இதுகள் உங்களுக்கு உதவும் மிஸ். ஏதும் விளங்காட்டி ஒரு போன் அடியுங்கோ. நான் வீட்டைதான் நிப்பன்."

சரி அண்ணை என்றேன்.

மார்ச் 9

கந்தோரில் தனியே இருக்கிறேன். மின்விசிறிச் சத்தம் மட்டும். மார்ச் அறிக்கையை ஹென்றிக் முன்கூட்டியே கேட்கிறார், புதிய அமைச்சருக்குக் காட்டவாம். போன் அடிக்கலாம் என்று இரண்டு தடவை அண்ணையின் இலக்கத்தை எடுத்தேன். என்ன கேட்பது? நாலு வரிக்குப் பிறகு என்ன முகத்தோடு கேட்பது?

மார்ச் 12

போன வருட மார்ச் சாட்டில் இருந்து எழுதினேன். மார்ச்சில் முள்ளிப்பள்ளம் எப்படி இருக்குமோ அப்படித்தானே இருக்கும். றெஜினாவின் தாய் பிலோமினா, குழுவின் பொருளாளர், கிணற்றடியில் வைத்து "இந்தத் தண்ணியில இப்ப பருப்பு அவியுது" என்று சொன்னதாக அண்ணை எழுதியிருக்கிறார். நல்ல வரி, உவர்த் தண்ணியில் பருப்பு அவியாதே. பதினோராம் திகதி நான் போனதாகவும் பிலோமினா எனக்குச் சொன்னதாகவும் போட்டேன்.

அனுப்பிய பிறகு மூச்சு வந்தது.

மார்ச் 18

தலைமையகத்தில் இருந்து லீனா என்று ஒரு பெண் வருகிறார். மன்னார்க் கந்தோர் அடுத்த வருடமும் இருக்க வேண்டுமா என்று பார்க்க. அறிக்கையில் வந்த ஊருக்கே போகலாமாம். "பருப்புச் சொன்ன அம்மாவை" பார்க்க வேண்டுமாம்.

எனக்கு முள்ளிப்பள்ளத்துக்கு வழி தெரியாது.

பயமாக இருக்கிறது. சோறு பிசைகிற போதும், இவருக்குச் சவரம் செய்கிற போதும் பயம். இவர் கன்னத்தில் சின்னதாய் வெட்டிவிட்டேன். இவர் யன்னல் வரை போய்த் திரும்பி வருகிறார் இப்போது.

மார்ச் 25, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

வாடகை வான் சாரதிக்கும் வழி தெரியவில்லை. மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்டோம். லீனா பக்கத்தில் இருந்தார். இளம் பெண், தலையைத் துணியால் கட்டியிருந்தார், மடியில் குறிப்புக் கொப்பி. என்னை ஒரு தடவை பார்த்தார்.

ஊருக்குள் வான் போனதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். சாரதியின் யன்னலைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். பெண்கள் ஏழெட்டுப் பேர் கிணற்றடிக்கு வந்தார்கள். லீனா ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். சிவப்புப் புள்ளி எரிந்தது. கொழும்பில் தமிழ் தெரிந்த ஒருவர் பிறகு முழுதையும் எழுதித் தருவாராம், எனக்கு வேலைச்சுமை கூடாது என்பதற்காக.

ஒரு பெண் முன்னால் வந்தாள். "நீங்கள் ஆர்?" என்றாள்.

லீனா என்னிடம் கேட்டார், என்ன சொல்கிறார்? வரவேற்கிறார் என்றேன்.

"செபமாலை அண்ணை வரேல்லையே? இந்த மாசம் முழுக்கக் காணேல்லை. சுகமில்லையோ?"

வாகனம் மாறியதைக் கேட்கிறார்கள் என்றேன். லீனா எழுதினார். பிறகு பிலோமினாவைக் கூப்பிடச் சொன்னார். நான் அந்தப் பெண்ணிடம் பிலோமினா எங்கே என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள்தான் றெஜினா.

"அம்மா கார்த்திகையில மோசம் போயிட்டா. மன்னார் ஆஸ்பத்திரியில. பிரேதம் கொண்டுவர வான்காரர் வெள்ளத்துக்க வரமாட்டம் எண்டிட்டினம். செபமாலை அண்ணைதான் உங்கட கந்தோர் வாகனத்தில பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தவர். உங்களுக்குத் தெரியாதோ?"

கார்த்திகையில ஒரு நாள் முள்ளிப்பள்ளத்தில. அண்ணை சொல்ல வந்ததை நான்தான் நிற்பாட்டினேன்.

லீனா காத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அண்ணை கந்தோர் வாகனத்தில் பிரேதம் ஏற்றியது தெரியவந்துவிடும், அவருக்கு நற்சான்றிதழ்கூடக் கிடைக்காது. அவரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று வாடகை வானில் திரும்பி வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிலோமினா யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதுதான் நான் சொன்னது. ஆங்கிலத்தில் சொன்னாலும் றெஜினாவுக்கு யாழ்ப்பாணம் என்பது விளங்கியது. தாய் செத்ததற்கு நான் ஏன் யாழ்ப்பாணம் என்கிறேன் என்று முகத்தில் கேள்வி. சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

மார்ச் 26

அந்த ஒலிப்பதிவு எழுத்தாக வர எத்தனை நாள் எடுக்கும்? இரண்டு? நாலு?

மார்ச் 27

செபமாலை அண்ணை வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட வான் ஓட்டுகிறார், அதைக் கழுவிக்கொண்டிருந்தார். டிலானி கதிரை கொண்டுவந்து வைத்தாள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆங்கில ஆசிரியப் பயிற்சி, பிள்ளைக்கும் காட்டலாம்.

"அந்தத் தாளை வாசிச்சனீங்களே அண்ணை?" என்று கேட்டேன்.

"பிள்ளை வாசிச்சவள். நாலு வரி எண்டாள். நான் நம்பேல்லை. திரும்ப வாசி எண்டன்."

"தெரிஞ்சும் ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

குழாயை மூடிவிட்டு வந்து படியில் இருந்தார்.

"கோவம்தான் மிஸ். பொய் சொல்லேல்லை. திங்கள் காலமை உங்களிட்டக் கேக்கிறதெண்டுதான் வந்தனான். வாசல்ல உங்கட முகத்தைப் பார்த்தன். அதோட வீட்டில ஐயாவின்ர காலும் நினைவில வந்தது. பிறகு யோசிச்சன், என்னை வைச்சாலும் நான் எழுதிறதை அங்க ஆர் வாசிக்கப் போறது? உங்களை வைச்சால், நான் சொல்ல நீங்கள் எழுதுவியள். ஊருகளின்ர கதை போய்க்கொண்டிருக்கும். சம்பளம் இல்லாட்டி என்ன, மாசக் கடைசியில ஒருக்கா ஊருகளுக்குப் போயிட்டு வருவம் எண்டு நினைச்சன்."

டிலானி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"ஒரு போன் அடிப்பியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான் மிஸ். நீங்கள் அடிக்கேல்லை."

பிலோமினாவைப் பற்றிச் சொன்னேன். அறிக்கை, பருப்பு, யாழ்ப்பாணம், எல்லாம். அவர் முகத்தைக் கையால் துடைத்தார். அந்த அம்மாவின் பெட்டியில் ஒரு பக்கத்தைத் தூக்கியவர் அவர். செத்தவளைக் கதைக்க வைத்துவிட்டேன் என்று அழுதேன். அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். ஆறுதல் சொல்லாதது சரி.

மார்ச் 28

சனிக்கிழமை. கந்தோரைத் திறந்து இருந்தேன். டயரியின் பின்பக்கத்தில் பெப்ரவரியில் எடுத்த அந்த ஏழு பக்கக் குறிப்பு கிழிக்காமல் இருக்கிறது. ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் போட்டேன். பெட்டியைப் பற்றி எழுதுவதா என்று கேட்க அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவருடைய கடைசி நாளுக்குப் பிறகு நான் அவருக்கு எடுத்த முதல் போன் இதுதான்.

"எழுதுங்கோ," என்றார். "அண்டைக்கு அந்தச் சனம் வாகனத்தை மறிச்சு நிண்டு கும்பிட்டது. அதையும் எழுதுங்கோ."

நாலரைப் பக்கம் வந்தது. மேலே ஒரு வரி சேர்த்தேன்: பெப்ரவரியில் இவர் சொன்னது இது, நான் அனுப்பியது வேறு. அதற்குக் கீழே, மாத அறிக்கைகள் யாருடைய கண்ணால் பார்க்கப்பட்டவை என்று எழுதினேன். ஹென்றிக்குக்கும் லீனாவுக்கும் அனுப்பினேன். விரல் அந்த விசையில் கனநேரம் இருந்தது. பிறகு கந்தோரைப் பூட்டினேன்.

மார்ச் 30

கொழும்பு இலக்கம். எடுத்தேன்.

ஹென்றிக் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஒரு கேள்விதான் கேட்டார். முள்ளிப்பள்ளத்துக்கு மட்டும் முப்பத்திரண்டு தடவை போனதாக எழுதியிருக்கிறீர்கள், உண்மையில் எத்தனை தடவை போனீர்கள்?

ஒரு தடவை, போன புதன்கிழமை என்றேன்.

அவர் எதையோ தட்டச்சு செய்துவிட்டுச் சொன்னார். ஏப்ரல் முடிய என் பணி முடிகிறது. மன்னாரில் ஒருவரை வைப்பார்களா, அது செபமாலை அண்ணையா, ஒருவருமே இல்லையா என்று லீனாதான் தீர்மானிப்பாராம். அண்ணைக்குத் தமிழில் எழுதத் தெரியும் என்றேன், யாராவது மொழிபெயர்க்க இருந்தால் போதும் என்றேன். குறித்துக்கொள்கிறேன் என்றார். குறித்தாரோ தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். இவர் யன்னலைத் தாண்டி அறைவாசல் வரை வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினெட்டு அடி. சிரித்தார். நானும் சிரித்தேன், உள்ளே பயத்தில் குளிர்ந்துபோய் இருந்தேன்.

நாளைக்குச் சங்கர் வருவார். ஏப்ரலோடு காப்புறுதியும் முடிகிறது, அதற்குப் பிறகு வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் வருகிற ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருந்து அந்தப் பயிற்சிகளைக் கேட்டு எழுத வேண்டும், இந்த டயரியில் இன்னும் இடம் இருக்கிறது. எந்தக் கால், எத்தனை தடவை, எங்கே பிடிப்பது, எங்கே விடுவது. அவர் சொல்கிறதை, சொல்கிறபடியே, ஒன்றும் குறைக்காமல்.